64,999-க்கும் 1,29,999-க்கும் நடுவே: இரண்டு உயர்விலை போன்களை ஒப்பிட்டு வாங்குவது எப்படி?

2024 பிப்ரவரியில் என் சித்தி மகன் முதன்முறையாக விலை உயர்ந்த போன் ஒன்று வாங்கக் கிளம்பினான். அதுவரை அவன் கையில் இருந்ததெல்லாம் பதினைந்தாயிரத்துக்குள் வாங்கியவைதான். கடை மேசையில் இரண்டு போன்களை அருகருகே வைத்துக்கொண்டு எனக்கு வீடியோ கால் போட்டான். "அண்ணா, ரெண்டும் ஒரே பிராசஸர்னு சொல்றாங்க. ஒண்ணு அறுபத்தஞ்சு, இன்னொண்ணு ஒண்ணு முப்பது. அப்ப மீதி அறுபத்தஞ்சாயிரம் எதுக்கு?"

இவ்வளவு சரியான கேள்வியை அந்தக் கடைக்காரரிடம் அதற்கு முன் யாராவது கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. அவன் கையில் இருந்தவை ஒன்பிளஸ் 12, சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா. எஸ்24 அல்ட்ரா 2024 ஜனவரி 17 அன்று அறிமுகமானது, ஒன்பிளஸ் 12 ஆறு நாள் கழித்து ஜனவரி 23 அன்று இங்கே வந்தது. 12 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு உள்ள மாடலின் தொடக்க விலை ஒன்பிளஸுக்கு ரூ.64,999, சாம்சங்குக்கு ரூ.1,29,999. ஒரு ரூபாய் வித்தியாசத்தில் அப்படியே இரண்டு மடங்கு.

2025 ஜனவரியிலேயே இரண்டுக்கும் அடுத்த தலைமுறை வந்துவிட்டது. இருந்தாலும் ஒப்பிடப் பழகுவதற்கு நான் இந்த ஜோடியைத்தான் எடுப்பேன். மூளை ஒன்று, விலை மட்டும் இரண்டு மடங்கு என்றால், கூடுதல் பணம் எங்கே போகிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். நீங்கள் வாங்கப்போவது வேறு ஜோடியாக இருந்தாலும் வழி இதேதான்.

முதல் வேலை: ஒன்றாக இருப்பதையெல்லாம் அடித்துவிடுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இரண்டு போன்களின் விவரங்களையும் எதிரெதிரே எழுதுங்கள். பிறகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதைப் பேனாவால் அடித்துக்கொண்டே வாருங்கள். இங்கே பிராசஸர் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3. சாம்சங்கில் இருப்பது கொஞ்சம் வேகம் கூட்டிய வகை, ஆனால் தினப்படி வேலையில் அந்த வித்தியாசத்தை யாராலும் உணர முடியாது. அடியுங்கள். ரேம், சேமிப்பு, சேமிப்பின் வகை, எல்லாம் ஒன்று. திரை சுமார் 6.8 அங்குலம், 120 ஹெர்ட்ஸ், ஓஎல்இடி, இரண்டிலும் ஏறக்குறைய அதே கூர்மை. மெமரி கார்டு இரண்டிலும் போட முடியாது. ஹெட்போன் குத்தும் துளையும் இரண்டிலும் கிடையாது.

இப்படி அடித்து முடித்ததும் தாளில் பாதி காலியாகிவிடும். கடையில் விற்பவர் அதிக நேரம் பேசுவது அடித்துவிட்ட அந்தப் பாதியைப் பற்றித்தான். வாட்ஸ்அப், யுபிஐ, யூடியூப், பெரிய கேம்கள், இவற்றுக்காக மட்டும் யோசிக்கிறீர்கள் என்றால் ரூ.65,000 கூடுதலாகக் கொடுப்பதற்குக் காரணமே இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அடிப்பதற்கு முன் மாடல் பெயரை முழுசாகப் படியுங்கள். எஸ்24 வரிசை அறிமுகமானபோது அல்ட்ரா மட்டும்தான் இந்தியாவில் ஸ்னாப்டிராகனுடன் வந்தது. எஸ்24, எஸ்24 பிளஸ் இரண்டும் அப்போது இங்கே சாம்சங்கின் சொந்த பிராசஸரான எக்சினாஸ் 2400-உடன் விற்பனையாகின. வேறு நாட்டு விமர்சன வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே வாங்கினால், நீங்கள் பார்த்ததும் வாங்கியதும் வேறு வேறாக இருக்க வாய்ப்பு உண்டு.

கேமரா: மெகாபிக்சலை விட்டுவிட்டுத் தூரத்தைப் பாருங்கள்

அல்ட்ராவில் 200 மெகாபிக்சல், ஒன்பிளஸில் 50. புதிதாக வாங்குபவர் இதைப் பார்த்தவுடன் நான்கு மடங்கு நல்ல படம் என்று முடிவு கட்டிவிடுகிறார். அப்படி இல்லை. 200 மெகாபிக்சல் கேமரா பதினாறு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்குகிறது, 50 மெகாபிக்சல் கேமரா நான்கைச் சேர்த்து ஒன்றாக்குகிறது. கணக்குப் போட்டால் சாதாரணமாக எடுக்கும்போது இரண்டிலிருந்தும் வருவது கிட்டத்தட்ட 12 மெகாபிக்சல் படம்தான். பகல் வெளிச்சத்தில் வீட்டு வாசலில் நின்று எடுத்த படங்களில் எது எந்த போனுடையது என்று சொல்வது கஷ்டம். நிறம் மட்டும் கொஞ்சம் மாறும், அது அவரவர் ரசனை.

உண்மையான வித்தியாசம் தொலைவில் இருக்கிறது. இரண்டிலும் மூன்று மடங்கு ஜூம் லென்ஸ் உண்டு. ஒன்பிளஸில் அது 64 மெகாபிக்சல், சாம்சங்கில் 10 மெகாபிக்சல். சாம்சங்கில் இன்னொரு லென்ஸ் தனியாக இருக்கிறது: ஐந்து மடங்கு ஜூம், 50 மெகாபிக்சல். இதைப் பயன்படுத்த ஆள் இருந்தால் அந்த விலைக்கு ஒரு அர்த்தம் வருகிறது.

யார் அந்த ஆள்? பள்ளி ஆண்டு விழாவை நினைத்துப் பாருங்கள். முன் வரிசைகளில் சிறப்பு விருந்தினர்களும் ஆசிரியர்களும் உட்கார்ந்திருப்பார்கள். பெற்றோருக்குக் கிடைப்பது பதினைந்தாவது வரிசை. மேடையில் நான்காவதாக நிற்கும் உங்கள் மகளின் முகம் படத்தில் வேண்டும். அங்கே மூன்று மடங்கு லென்ஸ் மேடையைக் காட்டும், ஐந்து மடங்கு லென்ஸ் அவள் முகத்தைக் காட்டும். பறவை பார்ப்பவர்கள், கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைப் படம் எடுப்பவர்கள், கிரிக்கெட் மைதானத்தில் பின்னால் நிற்பவர்கள், இவர்களுக்கும் இதே கதைதான். மாறாக, நீங்கள் எடுப்பது சாப்பாடு, குழந்தை, குடும்பப் படம், ரசீது என்றால் ஐந்து மடங்கு லென்ஸ் வருடம் முழுக்கச் சும்மா இருக்கும்.

கடையில் சோதிக்கும்போது மேசை மேல் இருக்கும் பூச்சாடியை எடுக்காதீர்கள். வாசலுக்கு வந்து, தெருவின் எதிர்ப்பக்கம் தூரத்தில் தெரியும் ஒரு பெயர்ப்பலகையைப் பிடியுங்கள். இரண்டு போனிலும் ஒரே அளவு ஜூம் வைத்து எடுத்து, பலகையின் கீழே பொடி எழுத்தில் இருக்கும் போன் நம்பரைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். அடுத்து கடைக்குள்ளேயே வெளிச்சம் குறைந்த ஒரு மூலையில், கூட வந்தவரைத் தலையை லேசாக ஆட்டச் சொல்லி நான்கைந்து படம் எடுங்கள். முகம் இழுபடாமல் எத்தனை படம் வருகிறது என்று எண்ணுங்கள். வீட்டில் குழந்தைகளை எடுக்கும்போது நடப்பது அதுதான்.

திரை: விளம்பர எண் ஒன்று, வெயில் வேறு

ஒன்பிளஸ் 12-இன் விளம்பரத்தில் உச்ச வெளிச்சம் 4,500 நிட்ஸ், அல்ட்ராவுக்கு 2,600. எண்ணை மட்டும் பார்த்தால் விலை குறைந்தது ஜெயிக்கிறது. ஆனால் 4,500 என்பது திரையின் ஒரு சிறு பகுதி மட்டும், குறிப்பிட்ட வகை வீடியோவில் தொடும் உச்சம். வெயிலில் முழுத் திரையும் அந்த அளவுக்கு எரியாது.

அல்ட்ராவில் இருப்பது வேறு வித்தை. அதன் மேல் கண்ணாடி கொரில்லா ஆர்மர், எதிரொளிப்பை 75 சதவீதம் வரை குறைக்கும் என்று தயாரித்த கார்னிங் நிறுவனமே சொல்கிறது. டியூப்லைட்டுக்குக் கீழே இரண்டு போனையும் அணைத்து வைத்துப் பாருங்கள். ஒன்றில் விளக்கு பளிச்சென்று கண்ணாடி போலத் தெரியும், இன்னொன்றில் மங்கலாக ஒரு நிழல் மாதிரி தெரியும். என் தம்பி வாசலில் பன்னிரண்டு மணி வெயிலில் இரண்டையும் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது அச்சடிச்ச தாள் மாதிரி இருக்கு அண்ணா" என்றான். அந்த ஒரு விஷயத்தில் அல்ட்ராவுக்கு இணை அன்றைக்கு எதுவும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. போன் வாங்கியதும் பக்கத்துக் கடையில் நூறு ரூபாய்க்கோ முந்நூறு ரூபாய்க்கோ டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுவது நம் வழக்கம். சாதாரண டெம்பர்ட் கிளாஸை அல்ட்ரா மேல் ஒட்டினால் எதிரொளிப்பைக் குறைக்கும் அந்தச் சிறப்பு அப்போதே போய்விடும், ஏனென்றால் இனி வெளிச்சம் படுவது புதுக் கண்ணாடி மேல்தான். எதிரொளிப்பு குறைந்த வகையைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒட்டாமல் விடுங்கள்.

ஒன்பிளஸ் 12-இல் பிரச்சினை வேறு. திரையின் இரு ஓரமும் வளைந்திருக்கும். தட்டையான கண்ணாடி அதில் சரியாக உட்காராது, ஓரம் தூக்கிக்கொள்ளும். அதனால் கடைகளில் பசை ஊற்றி, யூவி விளக்கு காட்டி ஒட்டுவார்கள். கவனமில்லாமல் ஊற்றினால் பசை ஸ்பீக்கர் துளைக்குள்ளும் பட்டன் இடுக்கிலும் போகும். கை பழகியவரிடம் மட்டும் கொடுங்கள். இன்னொரு பக்கம், இந்தத் திரை மேல் மழைத்துளி விழுந்திருந்தாலும் தொடுவது ஒழுங்காக வேலை செய்யும். பைக்கில் போகிறவன், மழையில் நிறுத்தி மேப் பார்க்கிறவன் என்பதால் என் தம்பிக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

சார்ஜும் பெட்டிக்குள் இருப்பதும்

இந்த இடத்தில் விலை குறைந்த போன் தெளிவாக முன்னால் நிற்கிறது. 5,400 எம்ஏஎச் பேட்டரி, 100 வாட் சார்ஜர், அதுவும் பெட்டியிலேயே. ஒன்றிலிருந்து நூறு சதவீதம் வரை 26 நிமிடம் என்பது நிறுவனத்தின் கணக்கு. காலையில் சார்ஜில் போட்டுவிட்டுக் குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டு வருவதற்குள் நாள் முழுவதற்கும் ஆகிவிடும். அல்ட்ராவில் 5,000 எம்ஏஎச், 45 வாட். அரை மணி நேரத்தில் 65 சதவீதம் வரை என்று சாம்சங் சொல்கிறது. பெட்டியில் கேபிள் மட்டும்தான், சார்ஜர் தனியாக வாங்க வேண்டும். 45 வாட் முழு வேகம் வேண்டுமானால் அதற்கேற்ற சார்ஜரோடு 5 ஆம்பியர் கேபிளும் வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய சார்ஜரில் போட்டுவிட்டு மெதுவாக ஏறுகிறது என்று வருத்தப்படுவதில் பயனில்லை. ஆகவே அல்ட்ராவின் விலையை எழுதும்போது சார்ஜர் விலையையும் சேர்த்தே எழுதுங்கள்.

தண்ணீர்

தூசியும் தண்ணீரும் தாங்கும் தரத்தைச் சொல்வது ஐபி எண். ஒன்பிளஸ் 12-க்கு ஐபி65, அல்ட்ராவுக்கு ஐபி68. முதல் எண் தூசி, இரண்டிலும் ஆறு. இரண்டாவது எண் தண்ணீர்: ஐந்து என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும், எட்டு என்றால் மூழ்கினாலும் தாங்கும். அல்ட்ராவுக்கு 1.5 மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் என்பது கணக்கு. மழைக்கு இரண்டும் போதும், தொட்டியிலோ வாளியிலோ விழுந்தால் அல்ட்ரா பிழைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் எதுவாக இருந்தாலும் தண்ணீர் புகுந்த சேதத்துக்குப் பொதுவாக வாரன்ட்டி கிடையாது, அதனால் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். அடுத்த வருடம் வந்த ஒன்பிளஸ் 13 ஐபி68, ஐபி69 இரண்டையும் வாங்கிவிட்டது. இந்த மாதிரி வித்தியாசங்கள் ஒரே வருடத்தில் காணாமல் போகும் என்பதால் இதற்காகப் பெரிய தொகை கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

பேனாவும் ஏஐ வசதிகளும்

அல்ட்ராவின் அடியில் செருகி வைத்த பேனா பலருக்கு முதல் வாரத்தோடு மறந்துபோகும். சிலருக்கோ அதுதான் போனே. என் நண்பர் ஒருவர் வழக்கறிஞர். கோர்ட் வராந்தாவில் நின்றபடியே ஜூனியர் அனுப்பும் வரைவு மனுவைத் திறந்து, பேனாவால் வரிகளை அடித்து, ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். அவருக்கு அந்த ரூ.65,000 நியாயமான செலவு. நீங்கள் கடைசியாக எப்போது கையால் ஏதாவது எழுதினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

ஏஐ விஷயத்தில் நாம் தமிழில் புழங்குகிறவர்கள் என்பதை மறக்க வேண்டாம். எஸ்24 வந்தபோது போன் பேச்சை அப்போதே மொழிபெயர்க்கும் வசதியைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். தொடக்கத்தில் அதில் இருந்தவை 13 மொழிகள். இந்தி இருந்தது, தமிழ் இல்லை. இந்த ஏஐ வசதிகள் 2025 முடிய இலவசம் என்று அப்போது அடிக்குறிப்பில் போட்டிருந்தார்கள். எந்த போன் பார்த்தாலும் இரண்டைக் கேளுங்கள்: தமிழ் உண்டா, எதுவரை இலவசம்? கடையில் இருக்கும் மாதிரி போனிலேயே தமிழில் பேசிப் பார்த்துவிடுங்கள்.

ஆண்டுக் கணக்கு

இதை உட்கார்ந்து நிதானமாகப் போட வேண்டும். சாம்சங் எஸ்24 வரிசைக்கு ஏழு ஆண்டுகள் ஆண்ட்ராய்டு, பாதுகாப்பு அப்டேட் இரண்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஒன்பிளஸ் 12-க்கு நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகள், ஐந்து ஆண்டு பாதுகாப்பு அப்டேட். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கி ஆப் வைத்திருப்பது நல்லதல்ல, ஆகவே அதையே போனின் ஆயுளாக எடுத்துக்கொள்ளலாம்.

ரூ.1,29,999-ஐ ஏழால் வகுத்தால் ஆண்டுக்கு சுமார் ரூ.18,570. ரூ.64,999-ஐ ஐந்தால் வகுத்தால் சுமார் ரூ.13,000. அதாவது ஏழு வருடமும் முழுசாக வைத்திருந்தால்கூட அல்ட்ராவுக்கு ஆண்டுக்கு ஐயாயிரத்துக்கு மேல் அதிகம். அந்த ஏழு வருடத்தில் பேட்டரியை ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும், அது தனி. "நீண்ட நாள் வரும், அதனால் கடைசியில் லாபம்" என்று கடையில் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பெரும்பாலானவர்கள் மூன்று வருடத்தில் மாற்றிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். மூன்றால் வகுத்தால் ரூ.43,333-க்கு எதிரே ரூ.21,666. பழைய போனை விற்கும்போது அல்ட்ராவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும், உண்மைதான், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கழித்த பிறகும் மிஞ்சும் தொகைக்கு ஐந்து மடங்கு லென்ஸ், பேனா, எதிரொளிக்காத கண்ணாடி மூன்றில் ஒன்றையாவது வாரம் ஒருமுறை பயன்படுத்துவீர்களா? ஆம் என்றால் வாங்குங்கள், பின்னால் வருத்தம் வராது. இல்லை என்றால் விலை குறைந்ததை வாங்கி, மிச்சப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வையுங்கள்.

பில்லில் வருவது மட்டும் விலை அல்ல

"நோ காஸ்ட் இஎம்ஐ" என்று போட்டிருந்தால் வட்டியே இல்லை என்று நினைக்க வேண்டாம். வங்கி வட்டி போடும், அந்தத் தொகையைத் தள்ளுபடியாக முன்னாலேயே கழித்துவிடுவார்கள். ஆனால் அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான் விழும். வட்டி 5,000 ரூபாய் என்றால் 900 ரூபாய். செயலாக்கக் கட்டணம் வேறு. ஒரே தவணையில் கட்டினால் கார்டு தள்ளுபடி எவ்வளவு என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழில் செய்கிறவராக, ஜிஎஸ்டி எண் உள்ளவராக இருந்தால் அந்த எண்ணைப் பில்லில் போடச் சொல்லுங்கள். தொழிலுக்காக வாங்கிய போனுக்குக் கட்டிய 18 சதவீத வரியை வரவு எடுக்க வழி இருக்கிறது, ஆடிட்டரைக் கேளுங்கள்.

அப்புறம் திரை மாற்றும் செலவு. என் பழைய போன் ஒரு நாள் காலை அப்டேட் முடிந்து திரும்ப ஆன் ஆனபோது, திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக முடி அளவுக்கு ஒரு பச்சைக் கோடு. கீழே விழவில்லை, நனையவில்லை. வாரன்ட்டி முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சர்வீஸ் சென்டரில் கேட்ட தொகை போன் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அன்றிலிருந்து எந்த போனாக இருந்தாலும் வாங்குவதற்கு முன்பே, "திரை உடைந்தால் எவ்வளவு?" என்று சர்வீஸ் சென்டருக்கே போன் செய்து கேட்டுவிடுகிறேன். சில நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே உதிரிபாக விலையைப் போட்டிருக்கும். உங்கள் ஊரிலேயே அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, அல்லது கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ கூரியர் அனுப்ப வேண்டுமா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் போன் இல்லாமல் இருப்பதும் செலவுதான்.

வாங்கும் அன்று

சீல் உடைப்பது உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். சிம் போடுவதற்கு முன் டயல் பேடில் *#06# அடியுங்கள். திரையில் வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண்), பெட்டி மேல் உள்ளது, பில்லில் உள்ளது, மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய போனோ ரீபர்பிஷ்டு (சரிசெய்து திரும்ப விற்கும்) போனோ வாங்குகிறீர்கள் என்றால் இன்னொரு படியும் உண்டு. கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த 15 இலக்க எண், இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அந்த எண் முடக்கப்பட்டதா, போலியா என்று பதில் வரும். திருட்டுப் போன் கையில் சிக்காமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே நிறப் படங்களைத் திரை முழுக்க வைத்து, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். புள்ளியோ கோடோ திட்டோ தெரிந்தால் உடனே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் ஒரு பாட்டு, இரண்டு சிம்மிலும் ஒரு கால், முன்னும் பின்னும் கேமரா, கைரேகை, சார்ஜ், எல்லாவற்றையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். மாற்றித் தரும் காலம் ஏழு நாள்தான் என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. எத்தனை நாள் என்று பில் போடும்போதே கேட்டு, பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் தம்பி அன்று ஒன்பிளஸ் 12-ஐ வாங்கினான். தாளில் அடிக்காமல் மிஞ்சிய வரிகளில் அவனுக்கு உண்மையில் வேண்டியவை இரண்டே இரண்டு: வேகமான சார்ஜ், மழையில் வேலை செய்யும் திரை. இரண்டும் ஒன்பிளஸ் எழுதியிருந்த இடது பக்கத்தில் இருந்தன.